டோக்கியோ அரகாவா டிராம், 400 யென் பாஸ்: மாட்டுங்காவிலிருந்து ஒரு விமர்சனம்

டோக்கியோவில் பிள்ளைகள் வேலை பார்க்கும் குடும்பங்கள் மும்பையில் மாட்டுங்கா, சயான், செம்பூர்ப் பக்கம் இப்போது நிறைய இருக்கின்றன. பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வரும் பெரியவர்களிடம் என்னவெல்லாம் பார்த்தீர்கள் என்று கேட்டால் ஒரே பட்டியல்தான் வருகிறது: ஷிபுயா சந்திப்பு, அசகுசா கோயில், ஸ்கைட்ரீ கோபுரம், ஃபூஜி மலைக்கு ஒரு நாள் பஸ். அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். டோக்கியோ மாநகரப் போக்குவரத்துத் துறை ஓட்டும் அரகாவா லைன் டிராமும் அதன் ஒருநாள் பாஸும். நான் போனபோது பாஸ் 400 யென். நம் காசுக்கு 250 ரூபாய்க்குள் அடங்கிவிடும். மூட்டுவலி உள்ள ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்றால் அந்த ஊரில் இதைவிட நல்லதாக ஒரு நாளைச் செலவழிக்க முடியாது என்பது என் தீர்மானமான கருத்து.

நான் மாட்டுங்கா ரயில்வே ஒர்க்ஷாப்பில் போகி, அதாவது பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம், பழுதுபார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். என்னுடன் வந்தவர் என் அக்கா. சயான் கோலிவாடாவில் இருக்கிறார். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவர். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. சமமான தரையில் மெதுவாக நடப்பார், படிக்கட்டு என்றால் கைப்பிடி வேண்டும். என் மகள் நிஷி-கசாயில் குடியிருக்கிறாள். நம் ஊர்க்காரர்கள் நிறைந்த பகுதி. பக்கத்துக் கட்டடத்திலேயே தமிழ் கேட்கும்.

முதலில் மும்பையிலேயே ஓர் ஏஜெண்ட் மூலம் பதிவு செய்த குழுச் சுற்றுலாவில்தான் போனோம். ஒவ்வோர் இடத்திலும் அரை மணி, முக்கால் மணி. நடக்க முடியாதவர்கள் பஸ்ஸிலேயே உட்காருங்கள் என்று வழிகாட்டி சொல்லிவிட்டார். கட்டிய காசுக்கு அக்கா கார் நிறுத்துமிடங்களைப் பார்த்துவிட்டு வந்தார். அந்தக் கோபத்தில்தான் மகளிடம், படி ஏறாமல், யாரும் அவசரப்படுத்தாமல் ஊரைப் பார்க்க என்ன வழி என்று கேட்டேன். அவள் டிராமைச் சொன்னாள்.

டோக்கியோவில் ஒரு காலத்தில் 200 கிலோமீட்டருக்கு மேல் டிராம் பாதை இருந்தது. கார்கள் பெருகியதும் 1967 முதல் 1972 வரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டார்கள். மிஞ்சிய இரண்டு தடங்களை 1974இல் ஒன்றாக்கி அரகாவா லைன் என்று பெயர் வைத்தார்கள். இது பிழைத்ததற்குக் காரணம் உண்டு. பாதையில் பெரும்பகுதி சாலையில் இல்லாமல் வீடுகளுக்கு இடையே தனியாக ஓடுகிறது. காருக்கு அது இடைஞ்சல் இல்லை. தெருவாசிகளும் விடவில்லை. முதல் பகுதி 1911இல் ஒரு தனியார் கம்பெனி போட்டது. இன்று வாசேதாவிலிருந்து மினோவாபாஷி வரை 12.2 கிலோமீட்டர், 30 நிறுத்தங்கள், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. 2017இலிருந்து டோக்கியோ சகுரா டிராம் என்றும் சொல்கிறார்கள். பலகைகளில் இரண்டு பெயரும் இருக்கும், குழம்ப வேண்டாம்.

நம் பம்பாயிலும் 1874இல் குதிரை டிராம் வந்து, 1907இல் மின்சார டிராம் ஆகி, 1964 மார்ச் 31ஆம் தேதி இரவு போரிபந்தரிலிருந்து தாதருக்கு ஓடிய வண்டியோடு முடிந்துபோனது. அந்தக் கடைசி வண்டியைப் பார்க்கத் தெருவெல்லாம் கூட்டம் என்று அப்பா சொல்லியிருக்கிறார். டிராம் முனையம் இருந்த இடத்தை இன்றும் தாதர் டி.டி. என்றுதான் சொல்கிறோம், வண்டிதான் இல்லை. நமக்குக் கதையாகிவிட்ட ஒன்று வேறொரு பெருநகரத்தில் இன்றும் ஐந்தாறு நிமிடத்துக்கு ஒன்றாக ஓடி, பள்ளிப் பிள்ளைகளையும் காய்கறிப் பையோடு கிழவிகளையும் ஏற்றிப் போவதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஏறுவது சுலபம். நிறுத்தங்களில் படி கிடையாது, சரிவுப் பாதைதான். மேடையும் வண்டித் தளமும் ஏறக்குறைய ஒரே மட்டம். முன்கதவில் ஏறும்போதே ஓட்டுநர் பக்கத்தில் உள்ள பெட்டியில் காசு போட வேண்டும், நடுக்கதவில் இறங்க வேண்டும். எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம். ரொக்கம் என்றால் 170 யென், சுய்கா, பாஸ்மோ என்ற முன்பணப் பயண அட்டை என்றால் 168. மூன்று தடவை ஏறினாலே பாஸ் லாபம். பாஸை ஓட்டுநரிடமே வாங்கலாம். எங்களுக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள், நான் சில்லறை எண்ணி முடிக்கும்வரை ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. இன்னொன்று, அக்கா உட்கார்ந்து கைப்பிடியைப் பிடிக்கும்வரை ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு அப்புறம்தான் மணி அடித்து வண்டியை எடுத்தார். அன்று ஏறிய எல்லா வண்டியிலும் இதே பொறுமைதான்.

எங்களுக்கு முதலில் வந்தது அடர்பச்சை நிற 7700 வகை வண்டி. இந்த வகையில் 8 வண்டிகள் உண்டு. 1977, 78இல் கட்டிய உடலை வைத்துக்கொண்டு, 2016இலிருந்து போகி, மோட்டார், கட்டுப்பாட்டுக் கருவி எல்லாவற்றையும் மாற்றிப் புது வண்டியாக்கியிருக்கிறார்கள். வெளியே பழைய காலத்துத் தோற்றம், ஓட்டம் புது வண்டி ஓட்டம். பி.ஓ.எச். என்னும் காலமுறைப் பெரும் பழுதுபார்ப்புக்கு வரும் பெட்டிகளில் கீழ்ப்பகுதி தேய்ந்து உடல் திடமாக இருப்பதை எத்தனையோ முறை பார்த்தவன் நான். இந்த மாதிரி வேலைக்கு எவ்வளவு அளவெடுப்பும் பொறுமையும் வேண்டும் என்று தெரியும். நடுவில் நின்று தரையில் காலை அழுத்திப் பார்த்தேன். ஆட்டம் இல்லை. வளைவில் சக்கரம் லேசாகக் கிறீச்சிட்டது, அவ்வளவுதான். தண்டவாள அகலம் 1372 மில்லிமீட்டர், குதிரை டிராம் காலத்து அளவு. மின்சாரம் 600 வோல்ட் டி.சி. அதிக வேகம் 40 கிலோமீட்டர். இந்த வேகத்தில் போனால்தான் ஜன்னலில் வரும் கொடித்துணி, பூந்தொட்டி, பின்வாசல் செருப்பு எல்லாம் கண்ணில் படும்.

நிஷி-கசாயிலிருந்து மெட்ரோவின் தோஸாய் லைன் நேராக வாசேதா போகும். அங்கே இறங்கி டிராம் நிறுத்தத்துக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் நடக்க வேண்டும். அக்காவுக்காக டாக்சி பிடித்தோம். வாசேதா முனையில் பார்க்க ஒன்றும் இல்லை, வண்டியைப் பிடித்துவிட வேண்டியதுதான்.

முதலில் இறங்க வேண்டிய இடம் கிஷிபோஜின்மாயே. பெரிய மரங்கள் வரிசையாக நிற்கும் சிறு பாதை, அதன் முடிவில் கிஷிமோஜின் கோயில். மண்டபம் 1664இல் கட்டியது. உள்ளே இருக்கும் தெய்வம் நம் நாட்டிலிருந்து போனவள். ஹாரீதி என்ற யட்சி; மற்றவர்களின் பிள்ளைகளைப் பிடித்துத் தின்றவள். புத்தர் அவளுடைய கடைசிப் பிள்ளையை ஒளித்துவைத்தார். அவள் துடித்து அழுதபோது, இத்தனை பிள்ளைகளில் ஒன்றைக் காணோம் என்பதற்கே உனக்கு இப்படி என்றால், இருக்கிற ஒரு பிள்ளையையும் இழந்தவள் என்ன பாடுபடுவாள் என்று கேட்டார். அன்றிலிருந்து அவள் பிள்ளைகளைக் காக்கும் தெய்வம். இந்தக் கதையை எனக்குச் சொன்னதே அக்காதான். பள்ளிப் பிள்ளைகளை அஜந்தாவுக்குக் கூட்டிப் போனபோது 2ஆம் குகையில் ஹாரீதியின் சிலையைக் காட்டிப் பாடம் சொன்னவர். மஹாராஷ்டிரத்துக் குகையில் பார்த்தவளை டோக்கியோவில் பார்ப்பேன் என்று நினைக்கவே இல்லை என்று சொல்லி, அங்கே உள்ள பெஞ்சில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். முன்னால் 600 ஆண்டுக்கு மேற்பட்டதாகச் சொல்லப்படும் ஜிங்கோ மரம். அதன் நிழலில் 1781இலிருந்து நடப்பதாகச் சொல்லும் மிட்டாய்க் கடை, பிள்ளைகள் சில்லறைக் காசுக்கு வாங்கும் சரக்கு. கோயிலில் எங்களைத் தவிர வெளிநாட்டவர் யாரையும் காணோம்.

அடுத்து கோஷின்சுகா. இங்கே இறங்கினால் சுகாமோ கடைத்தெரு தொடங்குகிறது. 800 மீட்டர் நீளம், மேடு பள்ளம் இல்லை. வயதானவர்களுக்காகவே இருக்கும் தெரு இது. கடைப் பலகைகளில் எழுத்து பெரிதாக இருக்கிறது, உட்கார இடம் இருக்கிறது. விற்பதும் கைத்தடி, மென்மையான செருப்பு, கம்பளிச் சட்டை, ஊறுகாய், தேயிலை. சிவப்பு உள்ளாடைக்கென்றே பேர்போன கடையும் உண்டு. உடம்புக்குச் சூடு, அதிர்ஷ்டம் என்று நம்பி வாங்குகிறார்கள். அக்கா அங்கே இரண்டு ஜோடி காலுறை எடுத்தார். கடைக்காரம்மா அவர் முழங்காலைப் பார்த்துவிட்டு, உட்கார்ந்தபடியே போட்டுக்கொள்ள ஒரு முக்காலியைக் கொண்டுவந்து வைத்தார்.

தெருவின் அந்தக் கோடியில் கோகன்ஜி கோயில். ஊசியை விழுங்கிவிட்ட ஒரு பணிப்பெண், ஜிஸோ என்ற போதிசத்துவரின் உருவம் அச்சிட்ட சிறு தாளைத் தண்ணீரோடு விழுங்கியதும் ஊசி வெளியே வந்துவிட்டது என்பது தலபுராணம். அந்த மாதிரித் தாள் இப்போதும் கிடைக்கிறது. மூலவரை யாருக்கும் காட்டுவதில்லை. கூட்டமெல்லாம் வெளியே நிற்கும் கன்னோன் என்ற கருணைத் தெய்வத்தின் கற்சிலை முன்னால்தான். நமக்கு எந்த உறுப்பில் நோவோ, சிலையில் அந்த இடத்தைக் கழுவித் துடைக்க வேண்டும். முன்பு பிரஷ் வைத்துத் தேய்த்துத் தேய்த்துப் பழைய சிலையின் முகமே மழுங்கிவிட்டதாம். 1992இல் புதிய சிலையை வைத்து, இனிமேல் துணியால்தான் துடைக்க வேண்டும் என்று மாற்றினார்கள்.

வெள்ளைத் துணியை அங்கேயே விற்கிறார்கள். வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் முதுகு வளைந்த ஒரு பாட்டி. அகப்பையால் மூன்று முறை தண்ணீர் ஊற்றி, சிலையின் இடுப்பைச் சுற்றித் துடைத்தார்; குழந்தையைக் குளிப்பாட்டும் கை அது. அக்காவின் முறை வந்ததும் குனிய முடியவில்லை. அந்தப் பாட்டி போகாமல் நின்று, அகப்பையை வாங்கி, சிலையின் முழங்காலில் அவரே தண்ணீர் ஊற்றினார். அக்கா ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் இரண்டு முழங்காலையும் துடைத்தார். அப்புறம் நிமிர்ந்து, சிலையின் வலது தோளையும் ஒரு முறை துடைத்தார். “உனக்குத்தான்டா, ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க மாட்டேங்கிறியே” என்றார். பாட்டிக்குத் தமிழ் தெரியாது, ஆனால் சிரித்தார். 4, 14, 24 ஆகிய தேதிகளில் இங்கே திருநாள். தெரு முழுக்கக் கடை போடுவார்கள், கூட்டம் நெரியும். கால் வலிப்பவர்கள் மற்ற நாளில் போவது நல்லது.

சைவச் சாப்பாட்டுக்கும் இந்தத் தெருவே போதும். சுகாமோவின் பேர்போன பண்டம் ஷியோ தைஃபுகு. பசையரிசி மாவில் செய்த மெல்லிய மேல்தோல், லேசான உப்பு, உள்ளே சிவப்புப் பயறு அரைத்த இனிப்பு. நம் பூரணக் கொழுக்கட்டையை ஆவியில் வைக்காமல் இடித்துச் செய்தது போல இருக்கும். உப்பு சேர்ந்ததால் திகட்டாது. பல் இல்லாதவர்கள் சின்னத் துண்டாக வெட்டித் தின்ன வேண்டும், தொண்டையில் ஒட்டும். கோஷின்சுகா மேடையை ஒட்டியே ஒரு பலகாரக் கடை இருக்கிறது, அங்கே பயறுப் பூச்சோடு சோற்று உருண்டை கிடைக்கும். டிராமைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம். நூடுல்ஸ் கடைப் பக்கம் சைவர்கள் போக வேண்டாம், சாறு மீனில் காய்ச்சியது. எங்கள் பையில் புளியோதரை இருந்தது. பூங்காவில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

அந்தப் பூங்கா அசுகாயாமா. என்னைக் கேட்டால், இந்தப் பாதையில் பணம் கொடுத்துப் பார்க்க வேண்டிய காட்சி அசுகாயாமாவுக்கும் ஓஜி-எகிமாயேவுக்கும் இடையில்தான் இருக்கிறது. வீட்டு முதுகுகளுக்கு நடுவே ஒதுங்கி வந்த டிராம் இங்கே திடீரென்று பெரிய சாலையில் இறங்கி, லாரி, பஸ்ஸோடு சிக்னலுக்குக் காத்து நின்று, கூர்மையாக வளைந்து, சரிவில் இறங்கி, ரயில் பாலத்துக்கு அடியில் நுழைகிறது. சரிவு ஆயிரத்துக்கு 66.7. நம் கசாரா, கர்ஜத் மலைப்பாதை 37க்கு 1. அதற்கே பின்னால் தள்ள எஞ்சின் போடுகிறோம். இங்கே 15க்கு 1. பல்சக்கரமும் இல்லை, வெறும் இரும்புச் சக்கரம் இரும்பைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. மழை நாளில் அந்த ஓட்டுநரின் கை எப்படி வேலை செய்யும் என்று யோசித்துப் பார்த்தேன். இறங்கியதும் எதிர்ப்பக்கம் போய் மறுபடி ஏறினோம். பாஸ் இருக்கும்போது யார் கேட்கப் போகிறார்கள்! ஏறும்போது ஓட்டுநருக்குப் பின்னால் நின்று பாருங்கள். ரயில் வேலை பார்த்தவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் கட்டாயம் இதைக் காட்டுங்கள்.

பூங்கா ஒரு சிறு குன்றின் மேல். 1720 வாக்கில் அன்றைய ராணுவ ஆட்சியாளரான ஷோகுன் யோஷிமுனே செர்ரி மரங்களை நட்டு, சாதாரண ஜனங்கள் வந்து உட்காரத் திறந்துவிட்ட இடம். அக்கா எப்படி ஏறுவார் என்ற கவலையே வேண்டியிருக்கவில்லை. அடிவாரத்திலிருந்து நத்தை வடிவத்தில் ஒரு குட்டி வண்டி, 16 பேர் ஏறலாம், இரண்டு நிமிடத்தில் மேலே கொண்டுவிடும், இலவசம். மேலே பிள்ளைகள் விளையாடும் இடத்தில் டி51 நீராவி எஞ்சின் ஒன்றையும் பழைய டிராம் ஒன்றையும் நிறுத்தியிருக்கிறார்கள். எஞ்சினின் இணைப்புத் தண்டுகளைத் தொட்டுப் பார்க்கும் தூரத்தில் வைத்திருப்பதே பெரிய விஷயம்.

பூங்காவின் ஓரத்தில் ஷிபுசாவா எய்ச்சி நினைவு அருங்காட்சியகம். 2024 ஜூலையில் வந்த புது 10,000 யென் நோட்டில் இருப்பவர் இவர்தான். வங்கி, காகித ஆலை, நூற்பாலை என்று நூற்றுக்கணக்கான கம்பெனிகளுக்கு அடிப்போட்டவர். மும்பைக்காரர்கள் இவரை அறிந்திருக்க வேண்டும். பம்பாய்ப் பருத்தி ஜப்பானிய ஆலைகளுக்குப் போக, ஐரோப்பியக் கப்பல் கம்பெனிகள் வைத்ததுதான் சரக்குக் கூலி. 1893இல் ஜம்சேட்ஜி டாட்டா ஜப்பான் போய் ஷிபுசாவாவைச் சந்தித்தார். அந்த ஆண்டு நவம்பரில் நிப்பான் யூசென் என்ற ஜப்பானியக் கம்பெனியின் கப்பல் கோபேயிலிருந்து பம்பாய்க்குக் கிளம்பியது. ஜப்பானின் முதல் தொலைதூரக் கப்பல் தடம் அதுதான். எதிர்த்தரப்பு கூலியை அடிமட்டத்துக்குக் குறைத்தும், ஜப்பானிய நூற்பாலைச் சங்கம் இந்தக் கப்பல்களிலேயே பருத்தியை ஏற்றுவதாகக் கொடுத்த வாக்கிலிருந்து மாறவில்லை. பரேல், லால்பாக் ஆலைகளுக்கு நடுவே வளர்ந்த எங்களுக்கு இது சொந்த ஊர்ச் செய்தி. ஷிபுசாவா 1901 முதல் 1931இல் இறக்கும்வரை இந்தக் குன்றில்தான் குடியிருந்தார். பெரிய வீடு 1945 குண்டுவீச்சில் எரிந்துவிட்டது. 1917இல் கட்டிய விருந்தினர் மாளிகையும் 1925இல் கட்டிய நூலகமும் நிற்கின்றன. நூலகத்தின் வண்ணக்கண்ணாடி ஜன்னல் முன்னால் சற்று நேரம் நில்லுங்கள்.

ஓஜியைத் தாண்டினால் காஜிவரா. இந்த நிறுத்தத்துக்குப் பக்கத்து இனிப்புக் கடையில் டிராம் வடிவ மொனாகா விற்கிறார்கள். அரிசி மாவுத் தட்டைக்குள் பயறு இனிப்பு, ஒவ்வொன்றும் டிராம் படம் போட்ட குட்டிப் பெட்டியில். ஊருக்கு வாங்கிவர இதைவிடப் பொருத்தமான சாமான் கிடையாது, உடையாமலும் வரும். அடுத்த நிறுத்தம் டிராம் பணிமனை. பக்கத்தில் பழைய வண்டிகள் இரண்டை வைத்து ஒரு சிறு கண்காட்சி. அதில் ஒன்று 1954ஆம் ஆண்டு 5501. சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் மட்டும் திறப்பார்கள். நாங்கள் போனது வார நாள். வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். அதற்கடுத்து 1922இல் தொடங்கிய சிறு பொழுதுபோக்குப் பூங்கா, பேரப்பிள்ளைகளோடு போனால் இறங்கலாம்.

இங்கிருந்து கடைசி நிறுத்தம் வரை பாதையோரம் ரோஜா. அரகாவா வட்டத்துக்காரர்கள் சுமார் 140 வகை, 13,000 செடிகள் வளர்க்கிறார்கள். மே மாதமும் அக்டோபரும் பூக்காலம். மினோவாபாஷி முனையிலும் ரோஜாதான், பழைய விளம்பரத் தகடுகளும் உண்டு. கூரை போட்ட கடைத்தெருவில் பொரித்த பண்டமும் காய்கறியும் மலிவு. கடைகள் பல மூடிக் கிடக்கின்றன, மாலையில் போனால் களை கம்மி.

குறைகளையும் சொல்ல வேண்டும். வண்டி ஒற்றைப் பெட்டி. பள்ளி, ஆபீஸ் நேரத்தில் நிற்க இடம் கிடைப்பதே பாடு. பெரும்பாலான நிறுத்தங்களில் கழிப்பறை இல்லை. இது வயதானவர்களுக்குப் பெரிய சங்கடம், பூங்காவிலும் கோயிலிலும் முடித்துக்கொண்டு ஏற வேண்டும். பாஸில் மெட்ரோ சேராது. கடைகளில் ஆங்கிலம் அநேகமாக இல்லை. மகள் ஜப்பானிய மொழியில் எழுதிக் கொடுத்த ‘மீன், இறைச்சி, முட்டை வேண்டாம்’ என்ற சீட்டு மிகவும் உதவியது.

கால் நன்றாக இருப்பவர்கள் இன்னோர் இடமும் கேட்பார்கள். டோக்கியோவுக்கு வடக்கே சைதாமாவின் கசுகாபேயில் வெள்ள நீரை வாங்கும் நிலத்தடிச் சுரங்கம் இருக்கிறது. முன்பதிவு செய்தால் சுற்றிக் காட்டுவார்கள், எளிய சுற்று 1,000 யென். சிறு ஆறுகள் பொங்கும்போது தண்ணீர் பெரிய கிணறுகளில் விழுந்து, 50 மீட்டர் ஆழத்தில் 6.3 கிலோமீட்டர் சுரங்கம் வழியாக ஓடி, ஒரு பிரம்மாண்டத் தொட்டிக்கு வந்து, அங்கிருந்து பம்பு வைத்து எதோ ஆற்றில் தள்ளப்படுகிறது. எதோ என்பது ஆற்றின் பெயர். தொட்டி 177 மீட்டர் நீளம், 78 மீட்டர் அகலம், 18 மீட்டர் உயரம். ஒவ்வொன்றும் 500 டன் எடையில் 59 தூண்கள். 1993இல் தொடங்கி 2006இல் முடித்தார்கள். 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுருஸில் 944 மில்லிமீட்டர் கொட்டியபோது கிங்ஸ் சர்க்கிளில் மார்பளவு தண்ணீரில் நடந்து வீடு சேர்ந்தவன் நான். அந்தத் தூண்களுக்கு நடுவே நின்றபோது மழைக்கு மூழ்கும் நம் ஹிந்துமாதா, கிங்ஸ் சர்க்கிள், சயான் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. நம் மாநகராட்சிப் பொறியாளர்கள் ஒவ்வொருவரும் பார்க்க வேண்டிய இடம். ஆனால் 100 படிக்கு மேல் இறங்கி ஏற வேண்டும், லிஃப்ட் கிடையாது. அதனால் அக்காவை மகளோடு வீட்டில் விட்டுவிட்டுப் போனேன்.

டிராமுக்குத் திரும்ப வருகிறேன். எந்த பாஸ் வாங்குவது என்பது நீங்கள் தங்கும் இடத்தைப் பொறுத்தது. நிஷி-கசாயிலோ, நகரின் நடுப்பகுதியைச் சுற்றி ஓடும் யமனோதே ரயில் லைன் ஓரமோ தங்கினால் 400 யென் பாஸ் போதும்; யமனோதேயின் ஓத்சுகா ஸ்டேஷன் வாசலிலேயே டிராம் நிற்கும், வாசேதா வரை போய் நடக்கும் வேலை மிச்சம். நம்மவர்கள் நிறைய இருக்கும் ஓஜிமா, ஃபுனாபோரிப் பக்கம் என்றால் மாநகரப் போக்குவரத்துத் துறையின் 700 யென் தோயெய் பாஸ் வாங்குங்கள். அதில் தோயெய் சுரங்க ரயில், பஸ், டிராம் மூன்றும் அடக்கம். ஷிஞ்சுகு லைனில் ஏறி ஜிம்போசோவில் மிதா லைனுக்கு மாறி நிஷி-சுகாமோவில் இறங்கினால் ஷின்-கோஷின்சுகா நிறுத்தம் பக்கத்திலேயே இருக்கிறது. காலை ஒன்பதரைக்கு மேல் ஏறுங்கள், உட்கார இடம் கிடைக்கும். சுகாமோவை மதியத்துக்கு முன்னால் முடித்துவிடுங்கள், தைஃபுகு தீர்ந்துவிடும்.